திருவிழா முடிந்த பிறகு குப்பை எங்கே போகிறது?

ஜூலை மாதம் வந்துவிட்டால் பினாங்குத் தமிழ்க் கத்தோலிக்கர்களின் கால்கள் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் திரும்பிவிடும். ஜூலை 26ஆம் தேதி புனித அன்னம்மாள் திருநாள். அதையொட்டிய திருவிழா நாட்களில் நாடு முழுவதிலுமிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஒரு லட்சத்திற்கும் அதிகமானோர் அங்கு திரள்கிறார்கள். தமிழ், சீனம், மலாய், ஆங்கிலம் என நான்கு மொழிகளில் திருப்பலி நடைபெறுகிறது. இந்துக்களும் பௌத்தர்களும்கூட நேர்த்திக்கடன் செலுத்த வருகிறார்கள். ஊற்று நீரைப் போத்தலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள்.

இவ்வளவு பேர் கூடும் இடத்தில் தண்ணீர்ப் போத்தல், உணவுப் பொட்டலம், நெகிழிப் பை எல்லாம் சேரத்தான் செய்யும். திருவிழா முடிந்ததும் திடலைக் கூட்டிச் சுத்தம் செய்து விடுகிறார்கள். ஆனால் கூட்டி அள்ளிய குப்பை எங்கே போகிறது? சமயம் சார்ந்த கேள்வியாக இது பலருக்குத் தோன்றுவதில்லை.

அது சமயம் சார்ந்த கேள்விதான் என்று 2015ஆம் ஆண்டிலேயே சொல்லியவர் மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ். அவ்வாண்டு அவர் வெளியிட்ட 'லௌடாத்தோ சீ' என்ற சுற்றுமடல், பூமி படும் துன்பத்தையும் ஏழைகள் படும் துன்பத்தையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்றது. அது உலக மாநாடுகளைப் பற்றி மட்டும் பேசவில்லை. நெகிழியைத் தவிர்ப்பது, குப்பையைத் தரம் பிரிப்பது, சாப்பிடும் அளவுக்கு மட்டுமே சமைப்பது போன்ற சின்னச் சின்னப் பழக்கங்களையும் அது விசுவாச வாழ்வின் பகுதியாகவே சேர்த்தது. அவருக்குப் பின் வந்த திருத்தந்தை 14ஆம் லியோவும் 2025 ஜூலையில் படைப்பைப் பேணுவதற்கென வகுக்கப்பட்ட புதிய திருப்பலியை நிறைவேற்றினார். செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை 'படைப்பின் காலம்' கத்தோலிக்கர்களால் மட்டுமல்ல, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லூத்தரன் சபைகளாலும் உலகின் பல இடங்களில் கடைப்பிடிக்கப்படுகிறது.

இனி, குப்பை போகும் வழியைப் பார்க்கலாம். தீவில் சேரும் குப்பை பத்து மாவுங் மாற்று நிலையத்திற்கும், செபராங் பிறை குப்பை அம்பாங் ஜாஜார் நிலையத்திற்கும் போகிறது. இரண்டும் கடைசியில் போய்ச் சேரும் இடம் நிபோங் திபால் அருகிலுள்ள புலாவ் பூரோங் குப்பை மேடு. அந்த வட்டாரம் தமிழர்களுக்குப் புதியதல்ல. 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கும் பிறகு ரப்பர் தோட்டங்களுக்கும் நம் முன்னோர் கொண்டுவரப்பட்ட மண் அது. பைராம், கலிடோனியா என்ற தோட்டப் பெயர்கள் இன்றும் பலர் வீடுகளில் புழங்குகின்றன. நிபோங் திபால் புனித அந்தோணியார் ஆலயமும் அந்தத் தோட்ட மக்களோடு வளர்ந்ததுதான்.

2022 ஜனவரியில் அந்தக் குப்பை மேடு தீப்பிடித்தது. பல நாட்கள் புகை அடங்கவில்லை. சுற்றுவட்டார மக்கள் மூச்சுவிடச் சிரமப்பட்டார்கள். குப்பை மேட்டில் தீ அணைவது எளிதல்ல. காற்றுப் படாமல் அடியில் அழுகும் உணவுக் கழிவிலிருந்து மீத்தேன் வாயு உண்டாகிறது. மேலே தண்ணீர் ஊற்றினாலும் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். நம் நாட்டு வீட்டுக் குப்பையில் மிகப் பெரிய பங்கு உணவுக் கழிவுதான்.

ஆக, ஜோர்ஜ்டவுனில் ஒரு பங்கு மண்டபத்தில் மீந்துபோய்க் கொட்டப்படும் பிரியாணி, நிபோங் திபாலில் ஒரு தோட்டத்துப் பாட்டியின் இருமலில் போய் முடியலாம். அயலாரை நேசி என்ற கட்டளை இந்த இடத்தில் நேராக வந்து நிற்கிறது.

ஆலயங்கள் எதுவும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. மரக்கன்று நடுகிறார்கள், பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைக்கிறார்கள், மறையுரையில் பேசுகிறார்கள். எல்லாம் நல்லதே. ஆனால் காலையில் கன்று நட்டுவிட்டு, மதியம் ஒருமுறை பயன்படுத்தி எறியும் தட்டிலும் கரண்டியிலும் விருந்து பரிமாறினால் பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்வார்கள்?

இதற்கு ஒரு நியாயமான பதிலும் உண்டு: "கழுவிப் பயன்படுத்தும் தட்டு வாங்கலாம், கழுவுவது யார்?" பெரும்பாலான பங்குகளில் அந்த வேலை பெண்கள் தலையில்தான் விழும். ஏற்கெனவே சமைத்துக் களைத்தவர்கள் அவர்கள். பங்குப் பேரவை ஆண்களையும் இளையோரையும் முறைவைத்துக் கழுவச் சொல்லாவிட்டால் பசுமை ஆலயம் என்பது பெண்களுக்கு இன்னொரு சுமையாகத்தான் முடியும். செலவும் ஒரு தடைதான். ஆனால் எவர்சில்வர் தட்டு ஒருமுறை வாங்கினால் பல ஆண்டு உழைக்கும். எறியும் தட்டுக்கு ஒவ்வொரு விழாவுக்கும் பணம் கொடுக்க வேண்டும்.

வழிகள் நமக்குத் தெரியாதவை அல்ல. தோட்டத்து விருந்துகளில் வாழையிலைதான் இருந்தது. மீந்த சோறு மாட்டுக்கும் கோழிக்கும் போனது. பினாங்கு மாநிலம் 2011 முதல் எல்லா நாட்களிலும் இலவச நெகிழிப் பையை நிறுத்தியது. 2016 ஜூன் முதல் குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்கும் கொள்கையைக் கொண்டுவந்தது. கடைக்குப் பை எடுத்துப் போகப் பழகிய மக்கள், திருத்தலத்திற்குச் சொந்தப் போத்தல் கொண்டுவரவும் பழகுவார்கள். ஆலயத் தோட்டத்தின் ஒரு மூலையில் உணவுக் கழிவை உரமாக்கலாம்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டுமான பாடமல்ல. தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் போடுவோருக்கும் கோயில் அன்னதானம் செய்வோருக்கும் இதே கேள்விதான். எல்லாக் குப்பையும் ஒரே மேட்டுக்குத்தான் போகிறது.

அடுத்த திருவிழாவில் ஒவ்வொரு பங்கும் ஒரு சிறு காரியம் செய்யலாம். விழா முடிந்ததும் வெளியே போகும் குப்பைப் பைகளை எண்ணி, காணிக்கைக் கணக்கோடு அதையும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். மறு ஆண்டு அந்த எண்ணிக்கை குறைந்திருந்தால், அதுவும் நிபோங் திபால் மக்களுக்குச் செலுத்திய காணிக்கைதான்.