ஐம்பது மீட்டர் யாருக்கு?

ஏரிக்கரையில் வீடு, பின்வாசலில் படகுத்துறை, துறையில் கட்டிப்போட்ட படகு. இப்படியொரு கனவை இப்போது விற்கிறார்கள். கனவுக்கும் சட்டம் உண்டு. 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், பத்தாண்டுகளின் சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் எதுவும் கூடாது என்கின்றன. அங்கே ஒரே ஒரு விலக்கு: படகுத்துறை.

காலனித் தொகுப்பு வீட்டுக்கு இல்லாத விலக்கு படகுத்துறைக்கு இருக்கிறது. மீன்பிடிக்கிறவனுக்கும்தானே துறை வேணும் என்று கேட்கலாம். அவன் தோணியைச் சேற்றில் இழுத்துப் போட்டுவிட்டுப் போகிறவன். கான்கிரீட் துறை கேட்பவன் கரையில் பட்டா வைத்திருப்பவன். துறை என்பது தண்ணீருக்குள் நீளும் பட்டா. பக்கத்தில் படகுக் கொட்டகை ஒன்று எழும்பினால், புல்லுக்கட்டோடு வருகிற பெண்ணின் ஒற்றையடிப் பாதையும் போச்சு. வங்கியில் கடன் மனு பார்த்துப் பிழைக்கிறவன் நான். மனுவோடு முதலில் கேட்கும் காகிதம் பட்டா. கரையையே நம்பி வாழ்கிறவரிடம் இல்லாத காகிதமும் அதுதான்.

இன்னொரு கூத்து. பாசனத்துக்காக மனிதர் வெட்டிய நீர்நிலைகளை இந்த விதிகள் ஈரநிலமாகவே கணக்கில் எடுப்பதில்லை. புதுச்சேரியின் 84 ஏரிகளும் பாசன ஏரிகள். ஊசுட்டேரி 2008-இல் பறவைகள் சரணாலயமானதால் தனிக் காப்புப் பெற்றது. மற்றவை? கையால் வெட்டியது என்பதாலேயே காப்பு இல்லை. வெட்டிய கை யாருடையது? பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் நிற்கிறது. தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டிய தாசியின் கதை அது. ஆயிக்கு மண்டபம் இருக்கட்டும், மகிழ்ச்சிதான். மண்சுமந்தவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை.

சரணாலயம் என்றதும் வேறொரு ஆபத்து. பறவையைக் காக்கிறேன் என்று வேலி போடுகிறவன், புல் அறுக்கிறவளையும் மீன் பிடிக்கிறவனையும்தான் முதலில் விரட்டுவான். நமக்குப் பறவை மேல் பகை கிடையாது. வேலிக்கு வெளியே யார், உள்ளே யார் என்பதுதான் கேள்வி.

நோணாங்குப்பம் சுண்ணாம்பாறு போன்ற கழிமுகங்களுக்குக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை. ஓதநீர் ஏறும் ஆற்றின் இரு கரையிலும் 100 மீட்டர், அல்லது ஆற்றின் அகலம், எது குறைவோ அது என்றது 2011 அறிவிக்கை. 2019 அறிவிக்கை அந்த நூறை 50 ஆக்கியது. அளவுகோல் யாருக்காகச் சுருங்குகிறது என்று சொல்லத் தேவையில்லை.

சட்டம் தானாக நடக்காது. வேம்பநாட்டுக் காயலின் நெடியதுருத்தில் சொகுசு விடுதி எழுந்தபோது, ஊன்னிவலை போட்டுப் பிழைத்தவர்கள்தான் வழக்காடினார்கள். 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இடிப்பை உறுதி செய்தது. இடிப்புத் தொடங்கியது 2022 செப்டம்பரில். இழுத்தடித்தாலும் வலைக்காரர்கள் விடவில்லை. சூழலியல்வாதிகளின் கருத்தரங்குகளுக்கு இது கேட்கட்டும்.

1927 மார்ச் 20 அன்று மகத் நகரில் சவுதார் குளத்து நீரை அம்பேத்கர் அள்ளிக் குடித்தார். அந்தக் குளம் நகராட்சித் தீர்மானப்படி ஏற்கெனவே எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டதுதான். தீர்மானம் காகிதத்தில் இருந்தது, தண்ணீர் சாதியிடம் இருந்தது. பின்னர் அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே உரிமை தந்தது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம், தலித்துகள் பொதுச் சொத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதையே குற்றமாக்கியது. அதே 2022 டிசம்பரில் வேங்கைவயலின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். காகிதம் வேறு, தண்ணீர் வேறு என்பது இன்றைக்கும் பாடம்.

நம்மை ஆண்ட பிரான்சில் 1976-ஆம் ஆண்டுச் சட்டம், கடலோரத் தனியார் நிலத்திலும் மூன்று மீட்டர் நடைவழியைப் பொதுவுக்குத் திறந்தது. அவர்கள் விட்டுப்போன தெருப்பெயர்களைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். இந்த மூன்று மீட்டரையும் கேட்போம்.

தோழர்களே, கோரிக்கை மூன்றுதான். ஏரியும் கழிமுகமும் சுற்றிவர எல்லோருக்கும் நடைவழி. படகுத்துறை வேண்டுமென்றால் பொதுத்துறை. தனியார் துறைக்கு விலக்கு இல்லை. புல், மீன், கோரை மீது கரைவாழ் தலித் குடும்பங்களுக்கு எழுத்துப்பூர்வ உரிமை. மாணவர்கள் தங்கள் ஊர் ஏரியின் எல்லையை வருவாய்த்துறை வரைபடத்தோடு நேரில் ஒத்துப் பார்க்கட்டும். கயிறு பிடித்து அளக்கிற வேலை நமக்குப் புதிதில்லை. இம்முறை நமக்காக அளப்போம்.