முப்பத்தைந்து நாள் மாதம்

மாதத்திற்கு நாள் 30, மிஞ்சினால் 31. பிறைக் கணக்கில் 29ம் உண்டு. அமெரிக்காவின் லாங் ஐலண்டில் இயங்கிய கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் என்னும் மென்பொருள் நிறுவனத்தாரோ 35 நாள் மாதம் ஒன்றைப் படைத்தார்கள்! காலாண்டு முடிந்த பின்னும் கணக்கேட்டை மூடாமல் வைத்து, அடுத்த சில நாட்களில் கையெழுத்தான ஒப்பந்தங்களுக்கு முந்தைய மாதத் தேதியிட்டு, அவ்வருவாயைக் கழிந்துபோன காலாண்டில் சேர்த்தார்கள். 1998 ஜனவரி முதல் 2000 செப்டம்பர் வரை இவ்வாறு முன்கூட்டி ஏற்றப்பட்டது 330 கோடி டாலருக்கும் மேல் என்பது அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையத்தின் குற்றச்சாட்டு.

ஏன் இந்த அவசரம்? ஒரு நிறுவனம் இக்காலாண்டில் இவ்வளவு ஈட்டும் என்று சந்தைக் கணிப்பாளர்கள் முன்னரே சொல்லிவிடுகின்றனர். அதில் சிறிது குறைந்தாலும் பங்கு விலை சரியும். அச்சரிவு யாரைச் சுடும் என்று பார்த்தால் சூட்சுமம் விளங்கும். 1995இல் அந்நிறுவனம் தன் தலைவர்கள் மூவருக்கு ஒரு திட்டம் வகுத்தது: பங்கு விலை குறித்த அளவுக்கு மேல் 60 நாள் நின்றால், பெருந்தொகையான பங்குகள் அவர்களுக்கு உரியவை. 1998 மே மாதம் விலை நின்றது. மூவரும் பெற்ற பங்குகளின் மதிப்பு ஏறத்தாழ 110 கோடி டாலர்! இரண்டே மாதத்தில், விற்பனை மந்தமாகும் என்று நிறுவனமே அறிவித்தது. விலை ஒரே நாளில் மூன்றிலொரு பங்களவு வீழ்ந்தது. திட்டம் அனுமதித்ததற்கு மிகுதியாகவே பங்குகள் வழங்கப்பட்டன என்று டெலவேர் நீதிமன்றம் 1999இல் கூறியது தனிக்கதை.

தலைவனும் பங்குடையவனானால் நிறுவனத்தைத் தன் வீடு போல் காப்பான் என்பர் இம்முறையைப் போற்றுவோர். நாம் கேட்கிறோம்: இறக்கத்தில் பங்கில்லாதவன் எவ்வாறு பங்குடையவன் ஆவான்? பங்குரிமை பெற்றவன் பின்னொரு நாளில் இன்றைய விலைக்கே பங்கை வாங்கலாம். விலை ஏறினால் ஆதாயம் அவனுக்கு. இறங்கினால் வாங்காமல் விட்டுவிடுவான், கைக்காசு போவதில்லை. நம் ஃபிக்ஹு நூல்கள் கூறும் முளாரபா என்னும் கூட்டு வணிகத்தில், முதலிட்டவரின் முதல் முழுதும் மீண்ட பின்னரே உழைத்தவருக்கு இலாபம் உறுதியாகும். அங்கே கூலி இலாபத்தைச் சார்ந்தது. இங்கோ, இலாபம் பற்றி ஊரார் கொண்ட மதிப்பைச் சார்ந்தது. அம்மதிப்பை உண்டாக்கும் கணக்கேடோ கூலி பெறுபவன் கையிலேயே இருக்கிறது! தராசைப் பிடித்தவனுக்கு முள் சாய்வதற்கேற்பச் சம்பளம் என்றால், அவன் விரல் சும்மா இருக்குமா?

சட்டமும் இதற்குத் துணை நின்றது. 10 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட தலைவர் சம்பளத்தை நிறுவனம் செலவாகக் கழித்து வரியைக் குறைக்கலாகாது என்ற 1993ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம், செயல்திறனுக்கான ஊதியத்திற்கு மட்டும் விலக்களித்தது. பங்குரிமைகள் அந்த வாயில் வழியே பெருகின. 2017இல்தான் அவ்விலக்கு நீங்கியது.

2000 ஜூலையில் வருவாய் குறைவு வெளிப்பட்டபோது, அந்நிறுவனத்தின் பங்கு ஒரே நாளில் 43 விழுக்காடு சரிந்தது. சேமிப்பை அதிலிட்டிருந்தவர்களுக்கு எந்தத் திட்டமும் வகுக்கப்பட்டிருக்கவில்லை. மூவருள் ஒருவரான சஞ்சய் குமார் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2006இல் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பங்கு ஊதியமோ சிறை செல்லவில்லை; அமெரிக்கப் பெருநிறுவனத் தலைவர்களின் வருமானத்தில் பெரும்பகுதி இன்றும் அதுவே.