தோண்டினா போதுமா?

தமிழன் பெருமைன்னு பதிவு போடுற மக்களே, ஒரு கேள்வி.

ஆதிச்சநல்லூர் ஈமக்காட்டை அலெக்சாண்டர் ரீ 1899-ல் தோண்ட ஆரம்பித்தார். பொன் நெற்றிப்பட்டம் உட்பட கிடைத்ததையெல்லாம் பட்டியல் போட்டு 1915-ல் புத்தகமே வந்துவிட்டது.

2004-05-ல் மத்திய தொல்லியல் துறை மறுபடி தோண்டி, 160-க்கும் மேற்பட்ட தாழிகளை எடுத்தது. அறிக்கை? வருஷக்கணக்கா வரலை. 2019-ல் வழக்கு நடந்தபோதுதான் காலக்கணிப்பே வெளியே வந்தது: கி.மு. 905, கி.மு. 696.

தோண்டின குழியைத் திரும்பத் தோண்ட முடியாது. எது எந்த ஆழத்துல, எதுக்குப் பக்கத்துல கிடந்ததுங்கிற குறிப்புதான் மிச்சம். அதை அச்சிடாம வச்சிருக்கறது, பேக்கப் இல்லாம சர்வரை ஃபார்மட் பண்ற மாதிரி. நான் பண்ணினா அன்னிக்கே சீட்டு கிழியும்!

தி.நகர்ல அரை பவுன் மோதிரத்துக்கு ரசீது கேட்கிறோம். மூதாதையர் தாழிக்குக் கேட்க மாட்டோமா?