சிப்பி பொறுக்கிகள்

குற்றாலத்தில் கடல் கிடையாது. ஆனால் சிப்பி கிடைக்கிறது. சாரல் காலத்தில் மெயினருவிக்குப் போகிற வழியில் வறுவல் கடைகளுக்கு நடுவே சங்கும் சோழியும் சிப்பி மாலைகளும் பரப்பியிருக்கும். குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே ஜனங்கள் விலை பேசுகிறார்கள். குற்றாலநாதர் கோயிலையே சங்கு வடிவத்தில் கட்டிய ஊர். அந்த வியாபாரிகளிடம் எனக்குச் சண்டை இல்லை. விற்கிறோம் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். என் சண்டை கவிஞர்களிடம்.

நம் சிறுபத்திரிகைகளில் ஒரே கவிதை பல பேர்களில் ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. விடியற்காலை. திருச்செந்தூர் அல்லது கன்யாகுமரி. தனி ஆள். காலடியில் ஒரு சிப்பி. குனிகிறான், எடுக்கிறான், பிரபஞ்சம் புரிந்துவிடுகிறது. குனிந்ததற்கும் புரிந்ததற்கும் நடுவில் என்ன நேர்ந்தது என்று கேட்டால் பதில் இல்லை. அதைச் சொல்வதற்குத்தானே ஐயா கவிதை?

நான் பாங்கில் குமாஸ்தா. புழக்கத்தில் இருக்கும் நோட்டை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை, எண்ணுகிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வங்காளத்துச் சில்ஹெட்டில் நிலவரியைச் சோழியாகவே வசூலித்தார்கள். மாலத்தீவுக் கடலில் ஒரு ஜீவன் கட்டிய வீடு, அங்கே கஜானாவில் மூட்டை மூட்டையாக எண்ணப்பட்டது. இன்றைய கவிதையில் சிப்பி அந்தச் சோழிதான். ‘தனிமை’, ‘நித்யம்’, ‘மௌனம்’ என்று மதிப்புப் போட்டுக் கை மாற்றிக்கொள்கிறோம்.

சிப்பியைக் காதில் வைத்தால் கடல் இரைகிறது என்கிறார்கள். இரைவது கடல் இல்லை. நம்மைச் சுற்றியிருக்கும் சத்தமே அந்தக் குழிவுக்குள் அதிர்ந்து திரும்புகிறது. தன் அறையின் இரைச்சலைக் கேட்டுவிட்டுச் சமுத்திரம் என்று எழுதுவதை நாம் படிமம் என்று பாராட்டுகிறோம்.

சிப்பியில் அர்த்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிறைய இருக்கிறது, பார்க்கத்தான் ஆள் இல்லை. சங்கின் ஓடு வாய் விளிம்பில் மட்டுமே வளர்கிறது. முன்பு கட்டியது கட்டியபடியே இருக்க, புதிது அதன் ஓரத்தில் சேர்கிறது. உருவம் மாறாமல் பெரிதாக வேண்டிய நிர்ப்பந்தத்திலிருந்துதான் அந்தச் சுருள் பிறக்கிறது. பிரெஞ்சுக் கவி பால் வலேரி 1937இல் சிப்பியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ‘இதை யார் செய்தது?’ என்ற குழந்தைக் கேள்வியில் ஆரம்பித்து, தன் அறிவு எங்கே நின்றுபோகிறது என்பது வரை போகிறார். நம்மவர்கள் ஆரம்பிக்கும்போதே நின்றுபோகிறார்கள்.

வலேரி எதற்கு? அகநானூற்றின் 24ஆம் பாட்டைப் பாருங்கள். சங்கை அரத்தால் அறுத்து வளை எடுத்தபின் மிஞ்சும் நுனித்துண்டு, விரியாத பகன்றை மொட்டுக்கு உவமையாகிறது. வளையை எல்லோரும் பார்ப்பார்கள். இந்தக் கவி பட்டறைத் தரையில் கிடந்த கழிவைப் பார்த்திருக்கிறான். அரத்தைத் தெரியும், அறுக்கிறவனைத் தெரியும், மிச்சம் எப்படியிருக்கும் என்று தெரியும். நம் கவிஞனுக்குத் தூத்துக்குடியில் சங்கு குளிக்கிறவன் உண்டு என்பதாவது, அந்தச் சங்கு வங்காளத்துப் பெண்களின் கைக்கு வளையலாகப் போகிறது என்பதாவது தெரியுமா? கரை ஒதுங்கிய சிப்பி அலையில் தேய்ந்து வெளுத்திருக்கும். கடைப் பளபளப்பு வேண்டுமானால் உயிரோடு எடுத்துச் சதையைப் போக்கி அமிலத்தில் கழுவ வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். 2001இல் சில சங்கு, சிப்பி இனங்களை வனவிலங்குச் சட்டத்தின் அட்டவணையிலும் சேர்த்தார்கள். சர்க்கார் குமாஸ்தாவுக்குத் தெரிந்த உயிர் கவிஞனுக்குத் தெரியவில்லை.

இந்த நோயின் மூலம் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. தென்காசியில் உட்கார்ந்துகொண்டு டி.கே.சி.யைக் குறை சொன்னால் காப்பி கிடைக்காது என்று தெரிந்தும் சொல்கிறேன். செய்யுளை வாய்விட்டுப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். அந்தக் கடன் எனக்கும் உண்டு. ஆனால் கம்பனில் தமக்கு ஒவ்வாத பாட்டுகளை இடைச்செருகல் என்று தள்ளினார். சில இடங்களில் பாடத்தையே மாற்றிக்கொண்டார். பளபளப்பதை எடு, மற்றதைக் கடலில் எறி. ரசனை, விசாரணை இல்லாமல் நடந்தால் கடைசியில் கரை பொறுக்கலில்தான் வந்து நிற்கும். 1954இல் அவர் போய்விட்டார். பொறுக்குகிற பழக்கம் போகவில்லை.

என்னையும் சொல்ல வேண்டும். என் மேஜை டிராயரில் ஒரு சின்ன மட்டிச் சிப்பி கிடக்கிறது. திருச்செந்தூரில் எடுத்தது. உச்சிக்குப் பக்கத்தில், துளைக்கருவி போட்டதுபோல் வட்டமான ஒரு துளை. ‘ஆகாயம் எட்டிப் பார்க்கும் கண்’ என்று அதை ஒரு கவிதையில் எழுதி, நாலு பேர் மெச்சவும் மெச்சினார்கள். பிற்பாடுதான் தெரிந்தது. மணலுக்குள் ஊர்ந்து வரும் ஒரு வகை நத்தை, மட்டியைப் பிடித்து, ஓட்டை மெல்ல மெல்ல அராவித் துளைத்து, உள்ளே இருப்பதைத் தின்கிறது. நான் ஆகாயத்தைப் பார்த்த இடம் ஒரு கொலை நடந்த இடம்.

அதற்குப் பிறகு அந்தச் சிப்பியின் அழகு குறையவில்லை. துளையின் விளிம்பில் விரலை வைத்தால் அத்தனை வழவழப்பு, அத்தனை பொறுமை. என் கவிதைதான் குறைந்துபோயிற்று. அதைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன். மெச்சிய நாலு பேரில் ஒருவர், அவரும் கவிஞர், இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. தகவலைக் கொண்டு கவிதையைக் கொன்றுவிட்டேனாம். இல்லை நண்பரே, அது பிறக்கும்போதே உயிரில்லாமல் இருந்தது. நாம் இருவரும் ஓட்டைப் பார்த்து ஏமாந்தோம். அடுத்த முறை குனியும்போது கொஞ்சம் அதிக நேரம் குனிந்திருங்கள்.