காருக்குக் களி போடுங்க, ஓடையில சோப்பு வேண்டாம்



போன மாசம் ஒரு சனிக்கிழமை, வெளியூர்த் தம்பி ஒருத்தர் வெள்ளைக் காரை எங்க வயலோரம் நிறுத்திட்டு, "ஐயா, உங்க வயல்ல ஒரு கட்டி களிமண் கிடைக்குமா?"ன்னு கேட்டார். பிள்ளையார் செய்யப் போறாரோன்னு நினைச்சேன். "இல்லைங்க, காரைத் தேய்க்க. களிமண் போட்டுத் தேய்ச்சா பெயிண்ட் கண்ணாடி மாதிரி ஆயிடும்னு படிச்சேன்"னார்.

வயல் மண்ணை ஒரு சிட்டிகை ஈரமாக்கி, ரெண்டு விரலுக்கு நடுவுல தேய்ச்சுப் பார்க்கச் சொன்னேன். நறநறன்னுது. எவ்வளவு நல்ல களிமண்ணிலும் பொடி மணல் கொஞ்சம் இருக்கும். அதைக் காரில் தேய்ப்பதும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் ஒண்ணுதான். தம்பி முகம் மாறிப்போச்சு.

என் தங்கச்சி மகன் சேலத்துல கார் கழுவும் கடையில வேலை பார்க்கிறான். அவன் சொல்லித்தான் எனக்கே இந்த விஷயம் தெரியும். "மாமா, க்ளே பார்னு பேருதான், அது மண்ணே இல்ல"ம்பான். பாலிபியூட்டீன் மாதிரி பிசுபிசுப்பான பிசினில் நைசான தேய்ப்புப் பொடி கலந்து செய்த கட்டி அது. ஜப்பானில் டடாவோ கொடாடே என்பவர் உருவாக்கி, 1990களில் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். தண்ணி ஊற்றிக் கழுவினாலும் போகாமல் பெயிண்டில் ஒட்டிக்கிட்டு நிக்கிற தார், மரப்பிசின், இரும்புத்தூள் இதையெல்லாம் இந்தக் கட்டி இழுத்து எடுத்துடும்.

எங்க மலைக்கு வந்துபோற காரில் இது எல்லாமே ஒட்டும். காரவள்ளியிலிருந்து மேலே வர 70 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது பாதிப் பேர் பிரேக்கை மிதிச்சபடியே இறங்குறாங்க. பிரேக் தேய்ஞ்சு பறக்கிற சூடான இரும்புத்தூள் சக்கரத்தைச் சுற்றி ஒட்டி, கொஞ்ச நாளில் துருப்பிடிக்கும். வெள்ளைக் காரில் பொடிப்பொடியா ஆரஞ்சுப் புள்ளி தெரியுதே, அது பெரும்பாலும் இந்தத் தூள்தான். அடுத்தது நிழல். பலா மரத்தடியில நிறுத்தினா பிசினும் பறவை எச்சமும் விழத்தான் செய்யும்.

இதுல எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இந்த அழுக்கைப் பார்த்ததும் சிலர் காரை நேரா ஓடையோரம் கொண்டுபோய், சோப்புத்தூளைக் கொட்டித் தேய்க்கிறாங்க. வெளியூர்க்காரங்களை மட்டும் சொல்லலை, எங்க ஊர்ப் பையன்களும் பைக்கை அங்கதான் கழுவுறாங்க. அந்தத் தண்ணிதான் கீழே எங்க நெல் வயலுக்குப் பாயுது. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் ஓடுற ஐயாற்று மீன்களை நாங்க சாமியா நினைச்சு இரை போடுறோம். அதே ஆறுதான் ஆகாய கங்கையா விழுந்து, புளியஞ்சோலைப் பக்கம் இறங்குது. மேலே நீங்க கழுவின சோப்புல கீழே யாரோ ஒரு குழந்தை குளிக்கும். சோப்பு மீனோட செவுளைக் கெடுக்கும். இவ்வளவு செஞ்சும் காருக்காவது லாபம் உண்டான்னா, அதுவும் இல்லை. துணி துவைக்கிற சோப்பு காரின் மெழுகுப் பூச்சை அரிச்சிடும், ஒட்டின இரும்புத்தூளோ அப்படியே இருக்கும்.

அதனால நான் சொல்றது இதுதான்: மலையில காரைக் கழுவவே வேண்டாம். எச்சம் விழுந்தா மட்டும், பாட்டில் தண்ணியில நனைச்ச துணியை அது மேல கொஞ்ச நேரம் போட்டு ஊறவிட்டு, ஒத்தி எடுங்க. அதைக் காயவிட்டா பெயிண்டை அரிக்கும். தூசி படிஞ்ச காரை உலர்ந்த துணியால துடைக்காதீங்க, கீறல் விழும். ஏறின கியரிலேயே இறங்குங்க. பிரேக்கும் பிழைக்கும், தூளும் குறையும், உங்க உயிருக்கும் நல்லது.

ஊருக்குப் போன பிறகு, கழிவுநீருக்கு வழி இருக்கிற கடையிலோ வீட்டிலோ காரை நல்லாக் கழுவுங்க. மெல்லிசான பிளாஸ்டிக் பைக்குள்ள கையை விட்டுப் பெயிண்டைத் தடவுங்க. சொரசொரன்னு இருந்தால்தான் களிக்கட்டி தேவை. வழவழன்னு இருந்தா விட்டுடுங்க. நிழலில், பெயிண்ட் சூடு ஆறின பிறகு, கார் ஷாம்பூ கலந்த தண்ணியைத் தாராளமாத் தெளிச்சு, கட்டியைத் தட்டையாக்கி, அழுத்தாம நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டணும். அழுக்கான பக்கத்தை உள்ளே மடிச்சு, புதுப் பக்கத்தை வெளியே கொண்டு வரணும். கட்டி கீழே விழுந்தா அதோட ஆயுசு முடிஞ்சது, தூக்கிப் போட்டுடுங்க. அதுல ஒட்டின ஒரு மணல் போதும், கோடு கோடாப் போட்டுடும். மங்கலான மேட் பெயிண்டில் இதைத் தொடவே வேண்டாம்.

களி போட்டா கீறல் மறையும்னு நினைக்காதீங்க. ஒட்டினதை எடுக்கிறது மட்டும்தான் அதோட வேலை. பழைய மெழுகும் அதோட போயிடும், மறுபடி மெழுகு பூசணும். அடிக்கடி தேய்ச்சா பெயிண்ட் மேலே இருக்கிற தெளிவான பூச்சில் மெல்லிய கோடு விழும். வருஷத்துக்கு ஒண்ணு, ரெண்டு தடவை போதும்.

அந்தத் தம்பி கேட்டுக்கிட்டு, களிமண்ணுக்குப் பதிலா ஒரு கிலோ மிளகு வாங்கிட்டுப் போனார். நீங்களும் வாங்க. உங்க கார் கொஞ்சம் அழுக்கா ஊர் திரும்பினா அதைக் கழுவிக்கலாம். ஓடை அழுக்கானா நாங்க எங்கே கொண்டுபோய்க் கழுவுறது?