கத்தரியை எடுக்கும் முன்

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யத் தொடங்கினால் முதலில் வெளியே வருவது அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும் பழந்துணி மூட்டைதான். நைந்த பெட்ஷீட், சாயம் போன சேலை, ஜோடி தொலைந்த தலையணை உறை. எறியவும் மனம் வராது, வைக்கவும் இடம் இருக்காது. இது போதாதென்று பண்டல் கடைகள் வேறு! ஜப்பானிலிருந்து வரும் பழம்பொருள்களை விற்கும் ‘ஜாலான் ஜாலான் ஜப்பான்’ கடை 2016இல் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வந்துவிட்டது. பிறர் பயன்படுத்திய விரிப்பை வாங்குவதில் இருந்த கூச்சம் நம்மில் பலருக்கு இப்போது இல்லை. நல்லதுதான். கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்பீல்ட்ஸிலோ புதுத் துணியை மீட்டர் கணக்கில் வாங்கிக் கால்மிதி தைக்க, பணம் என்ன பால்மரத்திலா வடிகிறது?

ஆனால் சகோதரிகளே, கத்தரியை எடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். துணி ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே தீயில் காட்டுங்கள். காகிதம் எரியும் வாடை வந்து, சாம்பல் பொடிப்பொடியாக உதிர்ந்தால் பருத்தி. தீயைக் கண்டதும் சுருங்கி உருகி, ஆறியபின் கெட்டி மணியாக உருண்டுகொண்டால் பாலியெஸ்டர் அல்லது நைலான். இரண்டும் சேர்ந்து வந்தால் கலப்புத் துணி.

இது எதற்கு என்கிறீர்களா? என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஒருநாள் உள்ளங்கையில் கொப்புளத்தோடு வந்தாள். பளபளப்பான பழைய சேலையை மடித்துத் தைத்த பிடிதுணியால் சூடான சட்டியை இறக்கியிருக்கிறாள். துணி உருகிக் கையில் ஒட்டிவிட்டது. அடுப்படிக்குப் பருத்தி தவிர வேறு எதுவும் வேண்டாம், கலப்பும் வேண்டாம். பழைய பருத்தித் துண்டை நான்கைந்து மடிப்பு உள்ளே வைத்து, மேலே பருத்தி விரிப்பைப் போர்த்திக் குறுக்கும் நெடுக்கும் தையல் போடுங்கள். அது ஈரமாக இருக்கும்போது சட்டியைத் தொடாதீர்கள். ஈரத்துணியில் சூடு சட்டென்று கைக்கு ஏறும்.

தூளி விஷயத்தில் என் மாமியாருக்கும் எனக்கும் ஒத்துவராது. பழஞ்சேலைதான் பிள்ளைக்கு மெத்தென்று இருக்கும் என்பார். மெத்தென்று இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பலமுறை துவைத்த சேலை கரையில் திடமாகவும் நடுவில் சல்லடையாகவும் இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், இரு கைகளாலும் இழுத்துப் பாருங்கள். ‘சர்’ என்று சத்தம் வந்தால் அது தூளிக்கு ஆகாது. வழுவழுப்பான சேலையில் முடிச்சு நழுவும், அதுவும் ஆகாது. அத்தகைய சேலைகளை ஜன்னல் திரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விரிப்பும் அப்படித்தான். ஆள் படுக்கும் நடுப்பகுதி நைந்துபோகும், ஓரங்கள் புதிதுபோல இருக்கும். நடுவில் நீளவாக்கில் இரண்டாக வெட்டி, வெளிக்கரைகள் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்து, அரை அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தட்டையாகத் தையுங்கள். நைந்த பாகம் இப்போது இரு ஓரங்களுக்கும் போய்விடும். கிழிந்ததை வெட்டிவிட்டு மடித்து அடித்தால் சிறுபிள்ளைகளின் கட்டிலுக்கு இன்னும் சில வருஷம் தாங்கும். 1941 ஜூனில் துணிப் பங்கீடு வந்தபின் இங்கிலாந்துப் பெண்கள் கையாண்ட முறை இது. அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் இங்கே வந்தார்கள். 1945 வரை துணி வரத்தின்றி நம் தோட்டத்து ஜனங்கள் சாக்கைத் தைத்து உடுத்தினார்கள். வெட்டி ஒட்டுவதற்கு அவர்களிடம் விரிப்பு எங்கே இருந்தது! பழந்துணி தைப்பதைக் கஞ்சத்தனம் என்று கேலி செய்யும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

பண்டல் கடைத் துணியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மெத்தைமேல் போட்டுவிடாதீர்கள். மூட்டைப்பூச்சி கூடவே வரும். நேராக 60 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் போட்டுத் துவைத்து வெயிலில் காயவிடுங்கள். பருத்தி சுருங்க வேண்டிய அளவும் அப்போதே சுருங்கிவிடும், வெட்டும் அளவு பிசகாது.

மிஞ்சிய துண்டுகளை இரண்டங்குல அகலத்தில் கிழித்து, மூன்று பிரியாகப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் கால்மிதி. அதைப் படுக்கை அருகே போடலாம். குளியலறை வாசலில் மட்டும் வேண்டாம். ஈர சிமெண்டுத் தரையில் வழுக்கும், அதுவும் வீட்டில் பாட்டி இருந்தால் வேண்டவே வேண்டாம்.