தேருக்கு நிலை உண்டு... உங்கள் காருக்கு?

நீங்கள் கார் வைத்திருப்பவரா? இந்த வாரம் உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. கார் இல்லாதவரா? உங்களோடும்தான். அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

போன மாதம் சிவகிரிக்குப் போயிருந்தேன். சங்கரன்கோவில் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிற ஊர். முன்பு நெல்லை மாவட்டம். 2019-லிருந்து தென்காசி மாவட்டம். அங்கே ஓர் உள்தெருவில் என் பெரியம்மா வீடு. தெருவின் அகலம் 16 அடி. நானே காலால் அளந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். திண்ணை, நடை, பட்டாசல், அடுக்களை, புறவாசல். கட்டிய தாத்தாக்கள் மாட்டுக்குத் தொழு வைத்தார்கள். காருக்கு இடம் வைக்கவில்லை. அது அவர்கள் தப்பில்லை.

ராத்திரி ஒன்றரை மணிக்குப் பெரியம்மாவுக்கு மூச்சுத்திணறல். 108-க்கு போன் போட்டோம். சீக்கிரமே வந்துவிட்டது... தெருமுனை வரைக்கும்! அதற்கு மேல் நகர முடியவில்லை. தெருவுக்குள் இந்தப் பக்கம் மூன்று கார். எதிர்ப்பக்கம் இரண்டு கார், ஒரு மினி வேன். 16 அடியில் இரண்டு பக்கமும் ஆளுக்கு ஆறடி போனால் மிச்சம் எவ்வளவு? நாலடி. அதில் ஆம்புலன்ஸ் எப்படி வரும்?

ஒரு கார்க்காரரை எழுப்பினோம். பாவம், தூக்கக் கலக்கத்தோடு லுங்கியைக் கட்டிக்கொண்டு ஓடி வந்து எடுத்தார். அடுத்த கார் யாருடையது என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த தெருக்காரராம். அவர் தெரு இன்னும் குறுகலாம். அதனால் இங்கே கொண்டுவந்து விடுகிறாராம். கடைசியில் ஸ்ட்ரெச்சரை நாலு பேர் கையில் தூக்கி, கார்களுக்கு நடுவே ஒருக்களித்து ஒருக்களித்து நடந்து தெருமுனைக்குக் கொண்டுபோனோம். பெரியம்மா பிழைத்துக்கொண்டார். இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் அந்த அடுத்த தெருக்காரரைப் பிடித்தேன். "அண்ணாச்சி, வண்டிய இப்படி நிப்பாட்டலாமா?" என்றேன். அவர் கோபப்படவில்லை. அமைதியாகக் கேட்டார். "பின்ன எங்க கொண்டுபோயி நிப்பாட்டச் சொல்லுதீய? எங்க வீட்டு மொட்டை மாடியிலயா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஊர் திரும்புகிற பஸ்ஸில்தான் பதில் தோன்றியது. அண்ணாச்சி, நல்ல கேள்வி. ஆனால் இதை நீங்கள் கேட்டிருக்க வேண்டியது என்னிடம் அல்ல, உங்களிடம். அதுவும் காரை வாங்குவதற்கு முன்னால்.

மாடு வாங்கப் போகிறவர் முதலில் என்ன பார்ப்பார்? பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார். அதற்கும் முன்னால் வீட்டில் கட்டுவதற்குத் தொழு இருக்கிறதா என்று பார்ப்பார். மாட்டை வாங்கிவந்து அடுத்த வீட்டு வாசலில் கட்டிவிட்டு, "பின்ன எங்க கட்டச் சொல்லுதீய?" என்று கேட்டால் ஊர் சும்மா விடுமா? ரோட்டில் சுற்றும் மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைத்து, சொந்தக்காரரிடம் காசு வாங்கிக்கொண்டு விடுவதற்கு வெள்ளைக்காரன் 1871-லேயே ஒரு சட்டம் போட்டுவிட்டான். மாட்டுக்கு இருக்கிற கட்டுப்பாடு காருக்குக் கிடையாதா?

தேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரே சேர்ந்து வடம் பிடித்து இழுக்கிற தேர். சாமி உட்கார்ந்து வருகிற தேர். அது போவதற்காகத்தான் ரத வீதிகளை அவ்வளவு அகலமாக விட்டார்கள். அந்தத் தேரே கூட, சுற்றி முடித்ததும் வீதியில் நிற்பதில்லை. நிலைக்குப் போய்விடுகிறது. தேர் நிலைக்கு வந்தால்தான் திருவிழா நல்லபடியாக முடிந்தது என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். சாமிக்கே அந்த ஒழுங்கு இருக்கும்போது, நம் ஸ்விஃப்டுக்கும் ஸ்கார்பியோவுக்கும் மட்டும் ஏன் இல்லை?

இப்போது கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

நம் ஊர்ச் சின்னக் கார்கள் பெரும்பாலும் நாலு மீட்டர் நீளத்துக்குள் இருக்கும். அகலம் ஏறக்குறைய 1.7 மீட்டர். பெருக்கினால் சுமார் 73 சதுர அடி. கதவைத் திறக்க, உரசாமல் எடுக்க விட வேண்டிய இடத்தை நான் சேர்க்கவே இல்லை. 73 சதுர அடி என்பது ஒரு சின்ன அறை. அந்த அறையை நீங்கள் பொது இடத்தில் எடுத்துக்கொள்கிறீர்கள். வாடகை? ஒரு பைசா கிடையாது.

வாரச் சந்தைகளுக்குப் போய்ப் பாருங்கள். சாக்கை விரித்துக் கத்திரிக்காய் விற்கிற அம்மாவிடம் குத்தகைக்காரர் வந்து தரைக்காசு வாங்கிக்கொண்டு ரசீதைக் கிழித்துக் கொடுப்பார். அவர் உட்கார்ந்திருப்பது நாலுக்கு நாலு இடம். அதுவும் அரை நாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டாண்டில் ஒரு டிவிஎஸ் ஃபிப்டியை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர், டோக்கன் வாங்கிக் காசு கொடுத்துவிட்டுத்தான் போகிறார். முணுமுணுப்பதுகூட இல்லை. கத்திரிக்காய்க்குக் காசு, டிவிஎஸ்ஸுக்குக் காசு, காருக்கு மட்டும் ஓசி. இருக்கிறவனுக்கு இலவசம், இல்லாதவனுக்கு ரசீது. இது எந்த ஊர் நியாயம்?

சென்னை மாநகராட்சி 2019-ல் சில சாலைகளில் கார் நிறுத்த மணிக்கு 20 ரூபாய் என்று கட்டணம் வைத்தது. அந்தக் கணக்கில் ராத்திரி பத்து மணி நேரத்துக்கு 200 ரூபாய். மாதம் 6,000. சிவகிரி நிலத்துக்குச் சென்னை விலை போட வேண்டாம். பத்தில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 600 ரூபாய். ஒவ்வொரு மாதமும் பெரியம்மா தெருக்காரர்கள் உங்கள் காருக்குக் கொடுக்கிற மானியம் அது. அவர்களை யாராவது கேட்டார்களா?

இந்த இடத்தில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். நானும் குற்றவாளிதான். சென்னையில் வாடகை வீட்டில் இருந்தபோது நாலு வருஷம் என் கார் தெருவில்தான் நின்றது. அதே தெருவில் வேப்ப மரத்தடியில் ஒருவர் இஸ்திரி வண்டி வைத்திருந்தார். ஒருநாள் அதிகாரிகள் வந்து 'ஆக்கிரமிப்பு' என்று சொல்லி அவர் வண்டியைத் தள்ளச் சொன்னார்கள். அவரும் தள்ளிக்கொண்டு போனார். பத்தடி தள்ளி என் கார் நின்றுகொண்டிருந்தது. அதை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்லவில்லை. அவர் வண்டி ஒரு குடும்பத்துக்குச் சோறு போட்டது. என் வண்டி சும்மா நின்றது. தெருவில் வியாபாரம் செய்கிறவர்களுக்கு 2014-ல் வந்த சட்டப்படி சான்றிதழ் வேண்டும். தெருவில் கார் நிறுத்துகிறவருக்கு ஒன்றும் வேண்டாம். அன்றைக்கு எனக்கு உறைத்தது. அடுத்த மாதமே பக்கத்தில் ஒருவர் காலி மனையில் வாடகைக்கு இடம் பிடித்தேன். செலவுதான். ஆனால் அது என் காரின் செலவு.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம், 1988. அதன் 122-வது பிரிவு, மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வருகிற மாதிரி பொது இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்கிறது. 127-வது பிரிவு இன்னும் சுவாரஸ்யம். பொது இடத்தில் ஒரு வண்டி ஆளில்லாமல் பத்து மணி நேரம் நின்றால், சீருடையில் இருக்கிற போலீஸ் அதிகாரி அதை இழுத்துக்கொண்டு போகச் சொல்லலாம். சக்கரத்துக்குப் பூட்டும் போடலாம். இழுத்த செலவும் சொந்தக்காரர் தலையில்தான். ராத்திரி எட்டு மணிக்கு நிறுத்தி, காலை ஏழு மணிக்கு எடுக்கிறீர்களே, எத்தனை மணி நேரம் ஆகிறது? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

"நான் ரோடு டாக்ஸ் கட்டியிருக்கிறேன் சார்" என்பார்கள். கட்டியிருக்கிறீர்கள், வாழ்நாள் வரி. வண்டி ஓட்டுவதற்கு. லாரிக்காரரும்தான் வரி கட்டுகிறார். உங்கள் வாசலில் பத்து நாள் லாரியை நிறுத்தினால் ஒத்துக்கொள்வீர்களா? அந்தத் தெருவைப் போட்ட பணத்தில் சோப்பு வாங்கும்போது வரி கட்டிய பெரியம்மாவின் காசும் இருக்கிறது.

"அப்படியானால் ஏழை கார் வாங்கக் கூடாதா?" என்று அடுத்த அம்பு வரும். 2025-ல் மகாராஷ்டிராவின் போக்குவரத்து அமைச்சர் பிரதாப் சர்நாயக், நிறுத்த இடம் இருக்கிறது என்று சான்று காட்டினால்தான் புதுக் காரைப் பதிவு செய்வோம் என்று அறிவித்தபோதும் இந்தக் கேள்விதான் எழுந்தது. நான் திருப்பிக் கேட்கிறேன். தெருவில் கார் நிற்பதால் அதிகம் கஷ்டப்படுவது யார்? நடந்து போகிறவர், சைக்கிளில் போகிறவர், திண்ணையில் உட்கார்ந்து காற்று வாங்குகிற கிழவி, விடியற்காலையில் கோலம் போட வந்து பம்பரைப் பார்த்துத் திரும்பிப் போகிற மருமகள், தெருவில் விளையாட இடமில்லாத பிள்ளைகள். ஏழைக்காகப் பேசுகிறவர்கள் இவர்களையும் கணக்கில் சேர்க்கட்டும். வாடகை ஓட்டிப் பிழைக்கிறவருக்கு ஊராட்சி இடம் கொடுக்கட்டும், சலுகையும் கொடுக்கட்டும். எனக்குச் சம்மதம்.

ஜப்பானில் 1962-லேயே இதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். கார் வாங்க வேண்டும் என்றால், வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் நிறுத்த இடம் இருக்கிறது என்று காட்டி, போலீஸ் நிலையத்தில் சான்று வாங்க வேண்டும். சொந்த இடமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வாடகை இடமும் சரிதான். சின்ன ஊர்களில் குட்டிக் கார்களுக்கு விதிவிலக்கும் உண்டு. டோக்கியோவின் உள்தெருக்கள் நம் தெருக்களை விட அகலம் ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே ராத்திரியில் ஆம்புலன்ஸ் உள்ளே போகும். கார் கம்பெனிகளும் இழுத்து மூடிவிட்டுப் போகவில்லை. டொயோட்டா உலகம் முழுக்க ஓடுகிறது!

நம்மால் என்ன செய்ய முடியும்? மூன்று விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, இனி பதிவாகும் புதுக் கார்களுக்குத் தமிழ்நாட்டிலும் இடச் சான்று வேண்டும். சொந்த இடமோ, வாடகை ரசீதோ, ஏதாவது ஒன்று. ஏற்கெனவே வாங்கியவர்களை விட்டுவிடலாம். பெரிய நகரங்களில் தொடங்குங்கள், பிறகு பேரூராட்சிகளுக்கு வாருங்கள்.

இரண்டு, குறுகலான தெருக்களில் ஒரு பக்கம் மட்டும்தான் நிறுத்த வேண்டும். ஒரு காருக்கு நேர் எதிரே இன்னொரு காரை நிறுத்தக் கூடாது என்பது சாலை விதிகளில் ஏற்கெனவே இருப்பதுதான். தீயணைப்பு வண்டியின் அகலம் எட்டடி. அது போகிற அளவுக்கு வெள்ளைக் கோடு போடுங்கள். ஒரு டப்பா பெயின்ட் போதும்.

மூன்று, இடம் இல்லை என்பது பாதிப் பொய். சிவகிரி மாதிரி ஊர்களில் ராத்திரி காலியாகக் கிடக்கிற இடங்களை எண்ணிப் பாருங்கள். சந்தைத் திடல், கல்யாண மண்டபத்து முற்றம், ஓடாத ரைஸ் மில்லின் களம், நெடுஞ்சாலை ஓரத்துக் காலி மனைகள். பேரூராட்சி ஒரு வாட்ச்மேனைப் போட்டு, மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு இடத்தைத் திறந்துவிட்டால் ஊருக்கும் வருமானம், ஒருவருக்கு வேலையும் ஆச்சு. வீட்டுக்கு ஐந்து நிமிஷம் நடக்க வேண்டியிருக்கும். டாக்டர் எப்படியும் நடக்கத்தானே சொல்கிறார்!

கடைசியாக, கார் இல்லாத உங்களுக்கு. அன்று ராத்திரி ஸ்ட்ரெச்சரைத் தூக்கிய நாலு பேரில் ஒருவரிடமும் கார் கிடையாது. மறுநாள் அந்த அண்ணாச்சியின் பதிலைக் கேட்டு முதலில் சிரித்ததும் அவர்கள்தான். "அவரும் என்ன செய்வாரு, பாவம்" என்றார் ஒருவர். உங்கள் தெருவை எடுத்துக்கொண்டவருக்காக நீங்களே பரிதாபப்பட்டால் பேரூராட்சி எதற்காக அசையப் போகிறது? கிராமமாக இருந்தால் கிராம சபை, பேரூர் என்றால் வார்டு கவுன்சிலர், ஒன்றுமில்லாவிட்டால் தெருக்காரர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போட்ட ஒரு மனு. ஏதாவது ஒன்றை இந்த வாரமே செய்யுங்கள்.

செய்வதற்கு முன்னால் ஒரு சின்னப் பரீட்சை. இன்று ராத்திரி பதினோரு மணிக்கு வாசலுக்கு வந்து, உங்கள் வீட்டிலிருந்து தெருமுனை வரை நடந்து பாருங்கள். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நடங்கள். எங்கேயாவது கை இடித்தால், உங்கள் வீட்டுக்கு வர வேண்டிய ஆம்புலன்ஸ் அந்த இடத்தில்தான் நிற்கப் போகிறது.